சேற்றுக் குளிர்காலத்தில் எந்தத் தடத்துக்குப் போவது? லண்டன் சுற்றுவட்டார மவுண்டன் பைக் ஓட்டுநர்களுக்கான முழு வழிகாட்டி

நவம்பர் நடுவில் ஊறத் தொடங்கும் மண், இங்கிலாந்தின் தென்கிழக்கில் மார்ச் கடைசிவரை முழுதாகக் காய்வதில்லை. இதற்கு மழையின் அளவைவிட வெயிலின் பலவீனமே பெரிய காரணம். டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் லண்டனில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறுகிறது. வடக்கு பார்த்த சரிவு அதைவிடச் செங்குத்தாக இருந்தால், அந்தத் தடத்தின்மேல் வாரக்கணக்கில் நேர்வெயிலே விழாது. மரங்களும் இலையுதிர்த்துவிட்டு வேர்வழியே நீர் இழுப்பதை நிறுத்தியிருக்கும். ஜூலையில் ஒரே நாளில் காயும் ஈரம் ஜனவரியில் அப்படியே கிடக்கும். அடுத்த மழை அதன்மேல் வந்து சேரும்.

அதனால் கோடையில் எது வேகம், எது அழகு என்று பார்த்துத் தடம் தேடும் பழக்கம் குளிர்காலத்தில் உதவாது. இந்த ஐந்து மாதமும் தடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் மண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான். கீழே என்ன மண், தண்ணீர் அதைவிட்டு எப்படி வெளியேறுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் வீட்டிலிருந்தே பெரும்பாலும் விடை கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: மண் வரைபடத்தைத் திறங்கள்

பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வேயின் இணைய வரைபடம் இலவசம். போக நினைக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால், அடிப்பாறை என்ன, அதன்மேல் படிந்திருக்கும் மேற்படிவு என்ன என்று இரண்டு அடுக்காகக் காட்டும். இரண்டையும் பாருங்கள். பலர் அடிப்பாறையை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள். டயர் உருள்வது மேற்படிவின்மேல். க்ரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் சாயில்ஸ்கேப்ஸ் வரைபடம் இன்னும் நேரடியானது. ஒவ்வொரு மண்ணுக்கும் நீர் தாராளமாக வடிகிறதா, தடைபடுகிறதா என்று அதிலேயே எழுதியிருக்கும்.

தென்கிழக்கில் நீங்கள் சந்திக்கப் போவது முக்கியமாக மூன்று வகை.

களிமண்: லண்டன் கிளே, கால்ட் கிளே, வீல்ட் கிளே என்று மூன்று பெயரில் வரும், மூன்றும் ஒரே தொல்லை. துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை, இடைவெளிகளும் அவ்வளவு நுண்ணியவை என்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. டயரில் ஒட்டி, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இலையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இதைவிட மோசமானது தடத்துக்கு நேரும் சேதம். ஈரக் களிமண்ணை அழுத்தினால் அதிலிருக்கும் கொஞ்ச நஞ்சக் காற்றறைகளும் நசுங்கி மூடிவிடும். டயர் அழுத்திய அந்தப் பள்ளக்கோடு, அதாவது சால், வசந்தம் வரை தண்ணீரைத் தேக்கும், பிறகு காய்ந்து கல்லாக இறுகும். இயற்கைத் தரையாக உள்ள களிமண் தடத்தை நவம்பரிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், ஏப்ரலில் திரும்பிப் பார்க்கலாம்.

மணல்: லோயர் க்ரீன்சாண்ட் மலைமுகடும், பாக்ஷாட் மணலும். இவைதான் குளிர்காலத்தின் வரம். கொட்டும் மழையிலும் நீர் நேராகக் கீழே இறங்கிவிடும். ஈர மணல் இறுகி, கோடையில் புதையும் இடங்கள்கூட இப்போது நன்றாகப் பிடிக்கும். ஆனால் நீர் ஓடினால் மணல் அரிக்கப்பட்டுப் போகும். செங்குத்தாக நேரே இறங்கும் மணல் தடங்களில் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனால், அந்தக் கோட்டையே அடுத்த மழை வாய்க்காலாக மாற்றிவிடும்.

சாக் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை: சவுத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ், சில்டர்ன்ஸ். இந்தப் பாறை நீரை உறிஞ்சும். ஆனால் கடினமான தரைமேல் ஒரு மில்லிமீட்டர் வெள்ளைப் பசை படிந்து நிற்கும். அதில் எந்த டயரும் நம்பிக்கையாகப் பிடிக்காது. சாக் மலைகளின் பெரிய பொறி அவற்றின் உச்சி. மேலே போகப் போகக் காய்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் நார்த் டவுன்ஸ், சில்டர்ன்ஸ் முகடுகளில் சாக்கின்மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்த்தியிருக்கிறது. அங்கே மலையடியைவிட உச்சியில்தான் சேறு அதிகம்.

இந்த மூன்றும் சந்திக்கும் கோடுகளையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மணல் முடிந்து களிமண் தொடங்கும் இடத்தில், மணல் வழியாக இறங்கிய நீர் மேலும் போக வழியின்றி ஊற்றாக வெளியே வரும். சர்ரேயிலுள்ள லீத் ஹில்லின் தெற்குச் சரிவில் இது தெளிவாகத் தெரியும். 294 மீட்டர் உச்சியிலிருந்து மணலில் சுகமாக இறங்குவீர்கள். பாதிக்குக் கீழே அதர்ஃபீல்ட் களிமண்ணும் அதற்குக் கீழே வீல்ட் களிமண்ணும் தொடங்கியதும் தடம் குழம்பாகிவிடும். அதே மலையில் மேல்பாதியிலேயே சுற்றி வரும் பாதையைப் போட்டால் நாள் முழுக்கச் சேறு காணாமல் ஓட்டலாம். மலையின் பெயரை மட்டும் சொல்லிப் பரிந்துரைப்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டிலிருந்து எது அருகில்

லண்டன் தமிழர்கள் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பரவியிருப்பதால் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

டூட்டிங், நியூ மால்டன், குரோய்டன் பக்கம் இருப்பவர்களுக்குச் சர்ரே ஹில்ஸ் ஒரு கொடை. லீத் ஹில், ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில் மூன்றும் க்ரீன்சாண்ட். டார்க்கிங் அல்லது கோம்ஷல் ரயில் நிலையத்தில் இறங்கி மிதித்தே போகலாம். பீஸ்லேக் கிராமத்தைச் சுற்றியுள்ள ஹர்ட்வுட் தனியார் நிலம். ஆனால் 1926 முதல் பொதுமக்கள் நடமாட உரிமை எழுதிக்கொடுக்கப்பட்டது. அங்கே பராமரிக்கப்படும் பெயர்பெற்ற தடங்களில் ஓட்டுங்கள், பக்கவாட்டில் புதிதாக வெட்டிய மெல்லிய தடங்களை விடுங்கள். காட்டின் மேல்மண்ணைச் சுரண்டிப் போட்ட புதுத் தடம் நாலைந்து பேர் ஈரத்தில் இறங்கினாலே வேர் தெரியக் கிழிந்துவிடும். டார்க்கிங்கின் வடக்கே பாக்ஸ் ஹில் பக்கம் போனால் அது சாக். இங்கே சொன்ன நம்பிக்கை அங்கே செல்லாது.

இன்னும் கொஞ்சம் மேற்கே பிராக்னெல் ஊரை ஒட்டிய ஸ்வின்லி ஃபாரஸ்ட். தரை பாக்ஷாட் மணல், அதன்மேல் சரளைக் கல் இட்டு அமைத்த நீலம் (மிதமானது), சிவப்பு (கடினமானது) தடங்கள். ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகும் தயங்காமல் போகக்கூடிய இடம் இது. முதன்முதலாகக் குளிர்காலத்தில் ஓட்டுபவர்களும் பிள்ளைகளும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு அருகில் எப்பிங் ஃபாரஸ்ட். அதன் அடியில் லண்டன் கிளே. முகட்டில் மட்டும் கொஞ்சம் மணலும் சரளையும் உண்டு. குளிர்காலத்தில் அங்கே சரளை போட்ட அகலப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரங்களுக்கிடையே ஓடும் ஒற்றையடித் தடங்களைத் தொடாதீர்கள். ஆம்ப்ரஸ்பரி பேங்க்ஸ், லௌட்டன் கேம்ப் ஆகிய பழங்காலக் கோட்டைமேடுகளில் எந்தக் காலத்திலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஓட்டும் திறமையைச் சோதிக்கும் தடம்தான் வேண்டும் என்றால் எசெக்ஸின் ஹேட்லி பார்க் போங்கள், 2012 ஒலிம்பிக் மவுண்டன் பைக் போட்டி நடந்த இடம். அதுவும் களிமண் குன்றுதான். பக்கத்தில் நிற்கும் பழைய கோட்டையே மண்சரிவில் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் தடம் முழுதும் கல் கொண்டுவந்து கட்டியிருப்பதால் டயர் களிமண்ணைத் தொடுவதில்லை. அடியில் கெட்ட மண் இருந்தாலும் மேலே நல்ல கட்டுமானம் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஹாரோ, வெம்பிளி பக்கத்தவர்களுக்கு அருகில் இருப்பது சில்டர்ன்ஸ். உண்மையைச் சொன்னால், ஜனவரியில் அது நல்ல தெரிவு இல்லை. முகட்டில் களிமண், சரிவில் ஈர சாக், அதன்மேல் பீச் மர வேர்கள். எம்1 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே உவோபர்ன் சாண்ட்ஸ் போவது நல்லது. பெயரிலேயே மணல் இருக்கிறது, அங்கிருப்பது அதே லோயர் க்ரீன்சாண்ட். ஆஸ்ப்லி காட்டில் ஓட்ட அனுமதிச்சீட்டு வேண்டும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முழுதாக ஒதுக்க முடிந்தால் தெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட், ஷெர்வுட் பைன்ஸ், கேனக் சேஸ் மூன்றும் மணலோ கூழாங்கல்லோ உள்ள நிலம். எந்த மாதமும் ஏமாற்றாது.

மூன்றாம் படி: ஓட்ட உரிமை உண்டா

ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிறக் குறுங்கோடுகள் நடைபாதை, நீண்ட கோடுகள் பிரிடில்வே (நடந்தும் குதிரையிலும் போகக்கூடிய பொதுவழி). களத்தில் மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு பிரிடில்வே. நடைபாதையில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. 1968ஆம் ஆண்டு கன்ட்ரிசைட் சட்டத்தின் 30ஆம் பிரிவு பிரிடில்வேயில் அந்த உரிமையைத் தருகிறது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு வசதியாக அதை வைத்திருக்கும் கடமை யாருக்கும் இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே வரைபடத்தில் பிரிடில்வே என்று இருப்பதற்கும் அது ஓட்டத்தக்கதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. களிமண் பகுதிப் பிரிடில்வேயில் பக்கத்தில் குதிரை லாயம் இருந்தால், குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்று முழங்கால் வரை போகும். வரைபடத்தில் லாயங்களைத் தேடி, அவற்றைச் சுற்றிய ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தவிர்ப்பது நல்ல பழக்கம்.

குளிர்காலம் மரம் வெட்டும் காலமும்கூட. வேலை நடக்கிறது என்ற பலகை தொங்கினால், ஆள் யாரும் தென்படாவிட்டாலும் உள்ளே போகாதீர்கள். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம்; தனியார் தோட்டங்களை ஒட்டிய பாதைகளில் சனிக்கிழமை காலை அதைக் கவனத்தில் வையுங்கள்.

நான்காம் படி: தடத்தின் வடிவத்தைப் படியுங்கள்

ஒரே மண்ணிலும் ஒரு தடம் காய்ந்திருக்கும், இன்னொன்று ஓடையாக ஓடும். வித்தியாசம் சரிவில் இருக்கிறது. தடம் கட்டுபவர்கள் பின்பற்றும் பாதி விதி ஒன்று உண்டு: தடத்தின் சரிவு, அது ஏறும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. மலைப்பக்கம் 30 சதவீதம் என்றால் தடம் 15 சதவீதத்துக்குள். அப்படி இருந்தால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். தாண்டினால் தடத்தின் வழியாகவே ஓடும்.

வரைபடத்தில் இதை, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உயரக்கோடுகளைச் சாய்வாக, மெல்லக் கடக்கும் தடம் நல்லது. செங்குத்தாக வெட்டிக்கொண்டு இறங்குவது மழைக்காலத்தில் வாய்க்கால். உயரக்கோடே இல்லாத சமதளம், அதிலும் களிமண் என்றால், நீர் போக இடமே இல்லாத குட்டை. ஆச்சரியமாகத் தோன்றினாலும், குளிர்காலத்தில் சமதளக் காட்டைவிட மிதமான சரிவுதான் காய்ந்திருக்கும்.

மரத்தையும் பாருங்கள். பைன் காட்டில் ஊசியிலைக் கூரை மழையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும், உதிர்ந்த ஊசிகள் தரையில் மெத்தையாக நீர் வடிய விடும். பீச் காடு அழகு, ஆனால் வேர்கள் மேலாகப் படர்ந்து பட்டை உரிந்து கிடக்கும். ஈரத்தில் அவை கண்ணாடி போல வழுக்கும். அப்படிப்பட்ட வேரைச் செங்கோணத்தில் மட்டுமே கடக்க முடியும். ஆகவே சாய்வாக வேர்கள் ஓடும் பக்கச்சரிவுத் தடங்களைக் கோடைக்கு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கடந்த மூன்று நாள், வரும் மூன்று மணி

வானிலை முன்னறிவிப்பை எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், ஏற்கெனவே பெய்தது எவ்வளவு என்பது. சுற்றுச்சூழல் முகமையின் மழைமானிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தடத்துக்கு அருகிலுள்ள மானியில் மூன்று நாள் கூட்டுத்தொகையைப் பாருங்கள். ஓட்டுநர்களின் அனுபவ அளவு இது: மணலில் மழை நின்ற சில மணி நேரத்தில் போகலாம். சாக்கில் இரண்டு மூன்று நாள் காற்றோடு கூடிய வறண்ட வானிலை வேண்டும். களிமண்ணில் மூன்று நாள் போதாது. அதற்கு உறைபனிதான் ஒரே வழி. டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியில் ஓட்டுநர்கள் போடும் தட நிலவரம் உதவும், ஆனால் தேதியைப் பார்த்தபின் நம்புங்கள்.

உறைபனி தனிப் பாடம். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து மைனஸ் 3 அளவுக்குப் போனால், திறந்த வெளிச் சேறு கான்கிரீட்டாகிவிடும். அந்தக் காலைகளில் சாக் மலைகளும் களிமண் பிரிடில்வேயும்கூட உங்களுக்குத் திறந்திருக்கும். அடர்ந்த காட்டுக்குள் குளிர் தாமதமாக இறங்கும் என்பதால் திறந்த முகடுகளைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பத்தரை பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறியதும் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உருகும். கீழே இன்னும் உறைந்திருப்பதால் அந்த நீருக்குப் போக்கிடம் இருக்காது. மேல்தோல் அப்படியே டயரோடு உரிந்து வரும். ஆண்டு முழுவதிலும் தடத்துக்கு அதிகச் சேதம் நேர்வது இந்த உருகும் வேளையில்தான். வழுக்கி விழவும் அதுவே நேரம்.

பலத்த காற்றடித்த மறுநாள் காட்டுக்குப் போகாதீர்கள். ஆஷ் மரங்கள் நோயில் செத்து நிற்கின்றன. ஈர மண்ணில் வேர் தளர்ந்து கிளையும் மரமும் அறிவிப்பில்லாமல் விழும்.

ஆறாம் படி: தடத்தின் வாசலில் கையால் சோதனை

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் இறுதித் தீர்ப்பைக் கையில் எடுத்த மண் சொல்லும். தடத்தின் ஓரத்தில் ஒரு எலுமிச்சை அளவு மண் எடுங்கள். உள்ளங்கையில் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் உடைந்தால் மணல் தூக்கலானது. 5 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீண்டால் களிமண்.

களி கலந்த மண் என்றால் இரண்டாவது சோதனை. அதே மண்ணைக் கைகளுக்கிடையே மெல்லிய கயிறாக உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வருவதற்குள் பொடிந்து உதிர்ந்தால், ஓட்டலாம். பொடியாமல் அந்தத் தடிமனுக்கு உருண்டால், மண் குழைநிலையில் இருக்கிறது. சக்கரம் பட்டால் அது நசுங்கி அப்படியே நிற்கும், மீளாது. விவசாயிகள் ஏர் இறக்கலாமா என்று பார்க்கும் சோதனையும் இதுதான்.

பிறகு பத்து மீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். டயரின் பட்டன் (மேல்முண்டு) பதிவு மட்டும் தெரிந்தால் தொடருங்கள். சால் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் பதிந்து அதில் நீர் ஊறினால், காரில் எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். இதற்காகவே புறப்படும் முன் ஒரு மாற்றுத் தடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்: முதல் தெரிவு ஹோம்பரி என்றால் மாற்று ஸ்வின்லி, முதல் தெரிவு எப்பிங் என்றால் மாற்று ஹேட்லி.

ஏழாம் படி: பாதையைப் போடுதல்

ஏற்றங்களைக் காட்டுச் சரளைச் சாலையில் வையுங்கள். சேற்றில் மிதித்து ஏறினால் பின்சக்கரம் சுழன்று தடத்தைத் தோண்டும், கால் பலமும் வீண். தடங்களை இறக்கத்துக்கு மட்டும் வைத்து, நல்ல இரண்டு மூன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதே குளிர்காலத்துக்கு உகந்தது. கோடையில் 30 கிலோமீட்டர் ஓட்டும் நேரத்தில் இப்போது 20 போட்டால் போதும். லண்டனில் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிவரை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. மூன்று மணிக்கு வண்டி நிறுத்தத்தில் இருக்கும்படி கணக்குப் போடுங்கள், விளக்கு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

குட்டை குறுக்கிட்டால் நடுவிலேயே போங்கள். ஓரமாகச் சுற்றினால் ஒவ்வொருவரும் அரையடி அகலப்படுத்தி, ஒற்றையடித் தடம் பிப்ரவரியில் மாட்டுவண்டிச் சாலை அகலத்துக்கு வந்துவிடும். ஆழம் தெரியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

சைக்கிளில் மண்ணுக்கேற்ற சில மாற்றங்கள்

முன்சக்கரத்துக்கு இடைவெளி அதிகமுள்ள உயரப் பட்டன் டயர் போடுங்கள். மேக்சிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே மேஜிக் மேரி போன்றவை. 2.5 அங்குல அகலத்தைவிட 2.3, 2.35 சேற்றைக் கிழித்துக் கீழேயுள்ள கெட்டித் தரையைத் தொடும், ஃபிரேமிலும் இடம் விடும். காற்றைக் கோடை அளவிலிருந்து 1 முதல் 3 பிஎஸ்ஐ குறையுங்கள். சாக்கில் மட்டும் இதில் கவனம்: மழை கழுவிவிட்ட சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு கத்தி, ஈரமான ரப்பரை அது இன்னும் எளிதாக அறுக்கும். டியூப்லெஸ் ஆனாலும் டயரின் பக்கச்சுவரை உள்ளிருந்து தாங்க ஒரு ஒட்டுத்துண்டு எடுத்துச் செல்லுங்கள்.

மணல் தடம் டயருக்கு நல்லது, பிரேக்குக்கு எமன். மெத்து ரெசின் பேடுகள் ஒரே ஈர நாளில் தேய்ந்து இரும்பு தெரியலாம். குளிர்காலம் முழுக்க சின்டர்டு பேடு (உலோகத்தூளை இறுக்கிச் செய்தது) போடுங்கள், 1 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் மாற்றுங்கள். களிமண்ணில் எதிர்பாராமல் மாட்டிக்கொண்டு பின்சக்கரம் உரசத் தொடங்கினால் உடனே நிறுத்திக் குச்சியால் சுரண்டுங்கள். அழுத்தி மிதித்தால் செயினோடு வரும் சேறும் புல்லும் கியர்மாற்றியை இழுத்துச் சக்கரக் கம்பிக்குள் தள்ளும், அது மாட்டியிருக்கும் ஹேங்கர் வளையும் அல்லது உடையும். அதன்பிறகு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓட்டி முடித்ததும் சேற்றைக் காயவிடாமல் வண்டி நிறுத்தத்திலேயே தூரிகையும் ஒரு வாளித் தண்ணீருமாகக் கழுவுங்கள். பேரிங் இருக்கும் இடங்களில் உயரழுத்தக் குழாயைக் காட்டாதீர்கள், கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். டயர், காலணி இரண்டின் மண்ணையும் அந்தக் காட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள். லார்ச் மரங்களைக் கொல்லும் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற நோய்க்கிருமி சேற்றில் ஒட்டிக்கொண்டு காடு விட்டுக் காடு போகும். ஒரே வார இறுதியில் இரண்டு காடுகளுக்குப் போவதாக இருந்தால், நடுவில் ஒருமுறை கழுவாமல் சைக்கிளை இறக்காதீர்கள்.